ஆற்றின் கணக்கை எழுத ஓர் ஆள் வேண்டும்

ஒலுவிலிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களிலே ஆற்றைப் பற்றிய பேச்சுக்கு எக்காலத்திலும் குறைவிருந்ததில்லை. அட்டாளைச்சேனையின் கோணாவத்தை ஆறு ஆற்றுவாழையால் மூடுண்டு கிடக்கிறதென்று ஒருவரும், களியோடையில் முன்போல மீன்படுவதில்லையென்று இன்னொருவரும், வயல் வட்டைகளிலிருந்து வடிந்து வருகின்ற மருந்துத் தண்ணீரே அதற்குக் காரணமென்று மூன்றாமவரும், ஊர்க் குப்பையும் வீட்டுக் கழிவுமே காரணமென்று நான்காமவரும் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் கூட்ட மேடையிலும் வாதாடக் கேட்டு வருகிறோம். இவர்களுள் எவருடைய கூற்றையும் பொய்யென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், இந்த ஆறு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எந்நிலையில் இருந்தது, இன்று எந்நிலையில் இருக்கிறது, இடையிலே எந்த வருஷத்தில், எந்தப் போகத்தில் அது மாறத் தொடங்கியது என்று வினவினால் நால்வரும் ஒருங்கே மௌனமாகி விடுவர். ஏனெனில் அந்தக் கணக்கை நம்மில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அதை எழுதி வைப்பதற்கென்றே, நன்னீர்ப் பூச்சிகளின் சாஸ்திரத்தை முறையாகக் கற்ற ஓர் இளம் விஞ்ஞானியை, ஆணாயினும் பெண்ணாயினும், நிரந்தர நியமனம் அளித்துப் பத்தாண்டுக்குக் குறையாமல் இக்கரையிலே இருத்த வேண்டுமென்பது என் அபிப்பிராயம். பூச்சி என்றதும் சிலர் முகம் சுளிப்பர். ஆற்றுக்கு வேண்டியது தூர் எடுத்தலும் கரை கட்டுதலும் அல்லவா, பூச்சியை எண்ணி ஆகப்போவதென்ன என்று கேட்பர். கேட்பது நியாயமே, நிதானமாக விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிலே உற்பத்தியாகி, இங்கினியாகலை அணையிலே தடுக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரமாகப் பரந்து நின்று, பின்னர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து அம்பாறைச் சமவெளியின் வயல்களையெல்லாம் நனைத்து, ஏறக்குறைய 108 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து கல்முனைக்குத் தெற்கே கடலைச் சேர்கின்ற கல்லோயாவை நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கினர். 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை தாபிக்கப்பட்டு, அமெரிக்காவின் மொறிசன் நூட்சன் கம்பெனியார் அணைவேலையைத் தொடங்கிய நாளில், பாயக்கூடிய ஏக்கர் எத்தனை, குடியேறக்கூடிய குடும்பம் எத்தனை, பெறக்கூடிய மின்சாரம் எவ்வளவு என்பனவே கணக்குக்குரிய விஷயங்களாயிருந்தன. பெருங் கட்டுமானத்துக்கு முன்னர் ஆற்றின் உயிர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டுமென்னும் எண்ணம் அக்காலத்தில் உலகிலேயே வேரூன்றியிருக்கவில்லை. நமது தேசியச் சுற்றாடற் சட்டம் வந்தது 1980இல்தான். அணைக்குப் பின்னரோ, மேட்டு வயலில் பாய்ந்த நீர் பள்ள வயலுக்கும், பள்ள வயலிலிருந்து வடிந்த நீர் களப்புக்கும் ஓடைக்கும் வந்து சேர்வதால், நம் ஊரெல்லையை எட்டுகின்ற ஒவ்வொரு குடம் தண்ணீரும் பலருடைய வேளாண்மையைத் தொட்டு வந்த தண்ணீராகவே இருக்கிறது. மேல்நிலத்தார் விதைத்த விதையின் பலன் அவர்களுக்கும், தெளித்த மருந்தின் மிச்சம் நமக்குமாக வந்து சேர்கிறதா என்பதை அறிந்துகொள்ள நமக்கு உரிமையுண்டு. நாமும் வேளாண்மை செய்பவர்களாதலால், நம் வடிச்சலைப் பற்றி நம் களப்பு மீனவர்களும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

இத்தகைய நீரின் குணத்தை ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினால் அறிந்துவிடலாமென்று கருதுவோர் உளர். அப்பரிசோதனை அவசியமானதே. ஆனால், அது அந்த நாழிகையில் அந்த இடத்தில் இருந்த நீரைப் பற்றி மாத்திரமே சொல்லவல்லது. செவ்வாய்க்கிழமை காலையில் வயலுக்குத் தெளித்த மருந்து புதன்கிழமை பெய்த மழையோடு ஓடையில் இறங்கி வியாழக்கிழமை கடலுக்குப் போய்விட்டால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் வந்து போத்தலை நிரப்புகின்ற உத்தியோகத்தர் கண்டு கொள்வது யாதுமில்லை. அங்கேயே முட்டையிலிருந்து வெளிவந்து, வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும், சில இனங்களில் வருஷக்கணக்காகவுங்கூட, அதே நீரை மூச்சாக இழுத்து அதே சேற்றில் மேய்ந்து வளர்கின்ற பூச்சிக் குஞ்சுகளுக்கு ஓடித் தப்ப இடமில்லை. புதன்கிழமை இரவு நடந்தது அவற்றின் உடலிலும் எண்ணிக்கையிலும் பதிந்து கிடக்கும்.

அக்குஞ்சுகளைப் பார்ப்பதற்குப் பெரிய சாதனம் ஒன்றும் வேண்டியதில்லை. கரையோரத்தில் மிதக்கும் ஆற்றுவாழை ஒன்றைப் பிடுங்கி, கறுத்துத் தொங்குகின்ற அதன் வேர்க் கற்றையை வெள்ளைத் தட்டொன்றில் ஊற்றிய தண்ணீரிலே உதறிவிட்டுச் சற்று நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தால், முதலில் வெறுந் தூசியாகத் தோன்றியவை ஒவ்வொன்றாக நகரத் தொடங்கும். சேற்றின் நிறத்தோடு, அவலட்சணமான ஆறு கால்களோடு அசையாமல் கிடப்பது தும்பியின் இளம்பருவம். அதன் கீழுதடு முழங்கையைப் போல் மடிந்து முகத்தின் கீழே ஒளிந்திருக்கும். நுளம்புக் குடம்பி ஒன்று அருகில் நெளிந்து வந்ததும், கண் இமைக்கும் நேரத்தில் அவ்வுதடு முன்னே நீண்டு, நுனியிலுள்ள கொக்கிகளால் இரையைக் கவ்வி வாய்க்குக் கொண்டு வந்துவிடும். ஆபத்து வந்தால், பின்குடலுக்குள் இழுத்து வைத்திருக்கும் நீரை விசையோடு பின்னே பீச்சித் தன்னை முன்னே எறிந்து தப்பும். அதே குடலின் சுவரிலே அதற்குச் செவுளும் இருக்கிறது. தட்டின் மறு ஓரத்தில் வாலிலே மூன்று மெல்லிழைகளை விரித்து, வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்களை இடைவிடாமல் அசைத்துக்கொண்டு நிற்பது மேபிளை என்னும் பூச்சியின் குஞ்சு. நீருக்குள் வளர்ந்து முடிந்து மேலே எழுந்தபின் சிறகோடிருக்கும்போதே மறுபடியும் ஒருமுறை தோலுரிக்கும் விசித்திரம் பூச்சியுலகிலே இவ்வினத்துக்கு மட்டுமே உரியது. எழுந்தபின் உண்பதற்கு உதவும் வாயில்லாமல், சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து முட்டையிட்டு மடிந்துவிடுகிறது. இரத்தச் சிவப்பாக வளைந்து வளைந்து நீந்தும் புழுவோ, நுளம்பை ஒத்திருந்தும் கடிக்கத் தெரியாத மிட்ஜ் பூச்சியின் குடம்பி. அதன் சிவப்புக்குக் காரணம் நம்முடைய குருதியில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின். பிராணவாயு அருகிப்போன நாற்றச் சேற்றிலும் கிடைக்கும் சொற்ப வாயுவைப் பற்றி வைத்துக்கொள்ள அது உதவுகிறது. ஆகவே தட்டு முழுவதும் சிவப்புப் புழுக்களே நெளிந்து, மேபிளைக் குஞ்சு ஒன்றுகூட இல்லாமற் போனால், அந்த நீருக்கு என்ன நேர்ந்ததென்பதை விஞ்ஞானம் பயிலாதவரும் ஊகிக்கலாம்.

ஐரோப்பியர் இந்த ஊகத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே முறைப்படுத்தத் தொடங்கினர். ஜேர்மனியில் கொல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர் 1908, 1909ஆம் ஆண்டுகளிலே எந்தெந்த உயிர்கள் எவ்வளவு அசுத்தத்தைத் தாங்கும் என்று பட்டியல் வகுத்தனர். 1976இல் பிரித்தானியாவில் கூடிய ஒரு குழுவினர், நீர்ப்பூச்சிக் குடும்பங்களுக்கு அவற்றின் நுண்ணுணர்வுக்கேற்பப் பத்துவரை புள்ளியிட்டு, தெளிந்த நீரன்றி வாழமாட்டாத மேபிளைக் குடும்பங்களுக்குப் பத்தும், செம்புழுவுக்கு இரண்டும், சேற்றுப் புழுவுக்கு ஒன்றும் அளித்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நீர்ச் சட்டகம் ஆற்றின் அடியில் வாழும் இவ்வுயிர்களைக் கவனியாமல் எந்த நதியையும் நல்ல நிலையில் உள்ளதென்று சொல்ல இடமளிப்பதில்லை. இப்புள்ளிகளை அப்படியே பெயர்த்து வந்து களியோடைக்கு இட்டுவிடலாகாது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். குளிர்ந்த மலையோடையிலே கல்லுக்குக் கல் தாவி ஓடுகின்ற நீருக்கு வகுத்த அளவை, வெப்பமான சமவெளியிலே மெதுவாக நகர்ந்து, கோடையில் வற்றி, மாரியில் பெருகி, முகத்துவாரம் அடைபட்டும் திறந்தும் உப்போடு கலக்கின்ற நம் ஆற்றுக்குப் பொருந்தாது. நமது நீர் சுகமாயிருக்கும்போது அதில் இயல்பாக எவை இருக்கும், நோயுறும்போது எவை முதலில் மறையும் என்பதை நம் நீரிலேயே நின்று பல ஆண்டு அவதானித்தவர்தாம் சொல்ல முடியும். அந்த அறிவை இறக்குமதி செய்ய வழியில்லை.

அவதானத்தின் பயன் என்னவென்பதற்கு யப்பானிலுள்ள ஷின்ஜி ஏரியைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய உதாரணம் வேறில்லை. பெயர் ஏரியாயினும் அது நம்முடைய களப்புகளைப் போல உப்பும் நன்னீரும் கலந்த நீர்நிலை. அதனுள் வந்து விழும் ஆறும் நெல்வயல்களுக்கு ஊடாகவே வருகிறது. 1993ஆம் ஆண்டிலே அவ்வயல்களில் இமிடாகுளோப்ரிட் என்னும் புதிய பூச்சிநாசினி உபயோகத்துக்கு வந்தது. அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் வருஷமொன்றுக்குச் சராசரியாக 240 தொன் பிடிபட்ட வகாசாகி என்னும் சிறுமீன், பிந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் 22 தொன்னாகக் குறைந்தது, விலாங்கும் குறைந்தது. மீனை மருந்து நேரே கொல்லவில்லை. மீன் உண்டு வாழ்ந்த நுண்ணிய நீருயிர்கள் வசந்தகாலக் கணக்கிலே 83 சதவீதம் அற்றுப்போயின; 1982ஆம் ஆண்டு அடிச்சேற்றைத் தோண்டிப் பார்த்தபோது தாராளமாகக் கிடைத்த பெரிய மிட்ஜ் குடம்பி, 2016இல் அதே ஏரியைத் தோண்டிப் பார்த்தபோது ஒன்றும் அகப்படவில்லை. மசுமி யமமுரோ என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் 2019ஆம் ஆண்டில் சயன்ஸ் சஞ்சிகையில் இதை வெளியிட்டபோது உலகம் திடுக்குற்றது. அந்த ஆய்வைச் சாத்தியமாக்கியது யாது? மருந்து வருவதற்குப் பத்தாண்டுக்கு முன்னரே, எவ்வித ஐயமும் எழாத காலத்திலே, தவறாமல் நீரை வடித்தும் சேற்றைத் தோண்டியும் எண்ணி எழுதி வைத்த பொறுமைசாலிகள் சிலர் இருந்தனர். அவர்களுடைய ஏடுகள் இல்லையேல், ஷின்ஜி மீனவரும் நம்மைப் போலத் தேநீர்க் கடையிலே காரணம் தேடிக்கொண்டிருந்திருப்பர்.

களியோடையிலும் அதுவே நடந்துவிட்டதென்று நான் கூறவரவில்லை. இமிடாகுளோப்ரிட் என்னும் பெயர் நம் விவசாயிகளுக்கும் அந்நியமானதன்று. ஆனால் நம் மீன் குறைந்ததற்கு அதுதான் காரணமா, ஆற்றுவாழை மூடியதால் நீருக்குள் ஒளியும் வாயுவும் அற்றுப்போனது காரணமா, முகத்துவாரத்தின் மாறுதல் காரணமா என்று பிரித்தறிய நம்மிடம் ஏடில்லை.

இப்படிப் பொறுமையாகக் குறிப்பெழுதுவதால் எத்தகைய அதிசயங்கள் வெளிப்படும் என்பதற்கு இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. தும்பி தாழப் பறந்தால் மழை வருமென்று நம் பெரியவர்கள் கூறுவர். மாரிக்கு முன்னே வயல்வெளியெங்கும் மஞ்சள் தும்பிகள் கூட்டங் கூட்டமாகச் சுற்றுவதை நாமும் காண்கிறோம். மாலைதீவிலே குடியிருந்த சார்ள்ஸ் அன்டர்சன் என்னும் கடலுயிரியலாளர், தரைமேல் நன்னீரே இல்லாத அப்பவளத் தீவுகளுக்கு ஒவ்வோராண்டும் ஒக்டோபர் மாதத்திலே தும்பிகள் வந்து இறங்குவதைக் கவனித்து, அவை வரும் தேதிகளைப் பல ஆண்டுகளாகக் குறித்து வந்தார். இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் பருவக்காற்றின் மேலடுக்கிலே மிதந்து, மாலைதீவையும் சீசெல்சையும் கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குச் சென்று, சந்ததி சந்ததியாக மீண்டு வருகின்ற மாபெரும் யாத்திரை அது என்ற கருத்தை அவர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். அட்டாளைச்சேனைச் சிறுவர்கள் வாலிலே நூல் கட்டி விளையாடுகின்ற பூச்சி, இந்து சமுத்திரத்தைக் கடக்கும் பிரயாணியின் இனத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

இலங்கையிலே நீர்ப்பூச்சி ஆராய்ச்சி புதிய விஷயமன்று. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே நீட்னர் என்னும் ஜேர்மானியத் தோட்டத்துரை சேகரித்து அனுப்பிய பூச்சிகளை ஹாகன் என்னும் அறிஞர் ஆராய்ந்து பெயரிட்டார். மணலையும் இலைத் துணுக்கையும் பட்டிழையால் ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் கடிஸ் பூச்சிகளைப் பற்றி சுவிற்சர்லாந்தவரான பெர்னாண்ட் ஷ்மிட் 1958இல் பெருநூல் வெளியிட்டார். 1970ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகமும் களனியின் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நீருயிர் ஆய்வுக்குழுவொன்றை நம் மலையோடைகளுக்கு அனுப்பின. இந்நாட்டில் இன்று அறியப்பட்டுள்ள தும்பி இனங்கள் 130க்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழப் பாதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. இவ்வாராய்ச்சியாளர்களின் உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும், அவர்களின் கண் பெரிதும் ஈரவலயத்து மலைச்சாரல்களிலேயே தங்கிவிட்டது. அபூர்வமான இனங்களைத் தேடுவோருக்கு மலை இனிது. சமவெளியின் கலங்கிய வாய்க்காலோ எவருக்கும் கவர்ச்சியற்றது. அந்த வாய்க்காலும் வெறுமையானதன்று என்பதை பத்தலகொடை நெல்வயலில் நடந்த ஆய்வொன்று காட்டிற்று: 2004இல் பம்பரதெனியவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வொரு நெற்காணித் தொகுதியிலே முதுகெலும்பற்ற ஜீவராசிகள் மாத்திரம் 494 இனங்கள் வாழ்ந்தன. நம் வட்டைகளில் எத்தனையோ!

தமிழ் பேசும் நாட்டிலே ஒரு கல்லூரி ஆசிரியர் இத்துறையில் என்ன செய்ய முடியும் என்பதற்கு மதுரையைப் பார்க்க வேண்டும். மதுரைக் கல்லூரியிலே விலங்கியல் போதித்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேபிளைகளிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். உல்லாசப் பயணிகள் தலையைக் காட்டிக் குளித்துவிட்டுத் திரும்புகின்ற குற்றாலத்து நீரிலிருந்து அவர் 1984இல் அறிமுகப்படுத்திய புதிய பேரினத்து மேபிளை, அவ்வூரின் பெயரையே தன் இனப்பெயராகக் கொண்டு உலக சாஸ்திரத்தில் நிலைபெற்றிருக்கிறது. பின்னர் சுப்பிரமணியன் என்னும் இளையவருடன் சேர்ந்து, நீர்ப்பூச்சிகளைக் கொண்டு நன்னீரின் நலத்தை அளக்கும் முறையைக் கற்பிக்கும் கைந்நூலொன்றை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார். தலைநகரத்துப் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் நிழலில் நின்று செய்த காரியமன்று இது. கற்பிக்கும் தொழிலோடு, மாணாக்கரை அழைத்துக்கொண்டு ஓடைக்குச் சென்று செய்தது. ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையிலே அதன் பிரயோக விஞ்ஞான பீடமும், அட்டாளைச்சேனையிலே ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்ற நமக்கு மதுரையிலும் குறைவான வசதியென்று சொல்லிக்கொள்ள நியாயமில்லை.

குறை நியமனத்திலே இருக்கிறது. அரசாங்கம் பூச்சிகளை அறியாததன்று. மலேரியாவை ஒழிப்பதற்கென நியமிக்கப்பட்ட பூச்சியியல் உத்தியோகத்தர்கள் ஓடைக் குட்டைகளிலே நுளம்புக் குடம்பியைத் தேடித் தேடி எண்ணிய உழைப்பும் துணைநின்றதாலேயே, 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. நெல்லைத் தின்னும் பூச்சியை ஆராயவும் விவசாயத் திணைக்களத்திலே ஆட்கள் உளர். மனிதனைக் கடிப்பதற்கும் பயிரை அழிப்பதற்கும் கணக்கெழுத ஆளிருக்க, அந்த நுளம்பைத் தின்று, நம் மீனுக்கு இரையாகி, ஆற்றின் நாடியைத் தம் உடலால் சொல்லிக்கொண்டிருக்கும் பூச்சிகளுக்கென ஒரு பதவியை நம் பிரதேசத்து அலுவலகம் எதிலும் நான் கண்டதில்லை. தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் அத்தியாயங்களை உடைய வேதத்தை ஓதுகின்ற சமூகம் நாம். ஓடுகின்ற ஆற்றங்கரையில் அமர்ந்து வுழூச் செய்யும்போதுங்கூட நீரை விரயஞ் செய்யலாகாதென்று போதிக்கப்பட்டவர்கள். நமக்கு இது புறம்பான காரியமாகத் தோன்றக் கூடாது.

தற்காலிக ஒப்பந்தம் போட்டு இரண்டொரு வருஷத்துக்கு ஒருவரை அமர்த்தினால் போதுமே என்பார்க்கு இதே கல்லோயாவின் அனுபவம் விடையளிக்கும். 1981ஆம் ஆண்டிலே கல்லோயா இடதுகரையில் நீர்ப்பங்கீட்டைச் சீர்செய்வதற்காக, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை விவசாயிகளிடையே குடியிருக்க அனுப்பின. அவர்கள் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து, வீடு வீடாகப் பேசி, தலைப்பகுதியாரும் கடைப்பகுதியாரும் சேர்ந்து வாய்க்காலைத் துப்புரவாக்கி முறைவைத்து நீரைப் பகிரும்படி செய்த காரியம் உலகத்தாரால் பாராட்டப்பட்டது. நோர்மன் அப்ஹொவ் என்பவர் 1992இல் அதைப் பற்றிப் பெருநூலே எழுதினார். ஆயினும் அவ்விளைஞர்களின் உத்தியோகம் தற்காலிகமானதாகையால், நிரந்தர நியமனம், பெரும்பாலும் ஆசிரிய நியமனம், கைக்கு வந்ததும் பலர் விலகிச் சென்றனர். அவர்கள் தேடிய அனுபவமும் அவர்களோடு போயிற்று. அவர்களைக் குறைகூற எவருக்கும் வாயில்லை. குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்கள் வேறு என்ன செய்வார்கள்? சமூக ஒழுங்கமைப்பிலாவது அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பூச்சிக் கணக்கிலோ, ஒரு குடம்பியை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காணும் கண் பழகுவதற்கே ஆண்டுகள் செல்லும். பழகிய கண் போய்விட்டால் ஏடு நின்றுவிடும்.

"மகள், டீச்சர் வேலை கிடைச்சா அதைப் புடிச்சிக்க, ஆத்துல பூச்சி புடிக்கிறதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று சொல்லும் வாப்பாவையும் உம்மாவையும் நான் அறிவேன். அவர்கள் கல்வியின் விரோதிகளல்லர். மகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவர்கள் அவர்களே. உயிரியல் கற்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலார் பெண்மக்களாயிருக்க, விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போவதும், முழங்கால் நீரில் இறங்குவதும், அறிமுகமற்ற வட்டைகளிலே திரிவதும் அவர்களுக்குக் கடினமாயிருக்கிறது என்பது மறைத்துப் பேச வேண்டிய விஷயமன்று. ஆகவே இப்பதவியை உண்டாக்குவோர் ஒருவரை அன்றி இருவரைச் சேர்த்து நியமித்து, போக வர வாகனமும், ஊருக்கருகிலேயே நுணுக்குக்காட்டியோடு கூடிய ஓர் அறையும் ஏற்பாடு செய்வார்களானால், இக்கடினத்திற் பெரும்பகுதி நீங்கிவிடும். வலையும் வெள்ளைத் தட்டும் மதுசாரச் சிமிழும் அதிகச் செலவு வைப்பனவல்ல. துறைமுகத்துக்கும் பாலத்துக்கும் செலவிடும் நாட்டுக்கு இரு சம்பளம் பெரும் பாரமாகாது.

விவசாயிகளுக்கு ஓர் அச்சம் இருக்கும் என்பதையும் அறிவேன். கணக்கெழுத வருபவர் நாளை தங்கள்மேல் குற்றம் சுமத்த வருபவராகிவிடுவாரோ என்பது அவ்வச்சம். 2021ஆம் ஆண்டிலே இரசாயன உரத்துக்கும் நாசினிக்கும் ஒரே நாளில் தடைவிதித்து வேளாண்மையை நிலைகுலையச் செய்த அனுபவத்துக்குப் பின்னர் இவ்வச்சம் நியாயமானதென்றே கருதுகிறேன். அளவறியாமல் பிறப்பித்த ஆணையின் விளைவு அது. எந்த மருந்து எந்தப் போகத்தில் எவ்வளவு தீங்கு செய்கிறது, எதை விட்டால் போதும், எதைத் தெளித்தபின் எத்தனை நாள் மதகை மூடி வைத்தால் ஆறு தப்பும் என்று பிரித்துச் சொல்லவல்ல ஒருவர் இருந்தால், அவர் விவசாயியின் பக்கத்திலே நிற்பவராவார். வயலைப் பார்க்கும் வட்டவிதானையையும் கமநல சேவை நிலையத்தையும் முதல்நாளிலிருந்தே கலந்துகொண்டு, ஒவ்வொரு போக முடிவிலும் நடக்கும் கூட்டத்திலே கணக்கை முதலில் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் வாசித்துக் காட்டிய பின்னரே வேறெங்கும் அனுப்புவதென்று விதி வகுத்தல் நன்று.

உலகளவிலே நன்னீருயிர்களின் நிலை நம் அலட்சியத்துக்கு இடங்கொடுப்பதாக இல்லை. 2021ஆம் ஆண்டு இறுதியில் உலகின் தும்பி இனங்கள் 6,016ஐ முதன்முறையாக முழுமையாக மதிப்பிட்டபோது, அவற்றில் 16 சதவீதம் அழியும் அபாயத்தில் உள்ளனவென்று தெரிந்தது. மீன், நண்டு, இறால், தும்பி ஆகிய நன்னீருயிர் இனங்கள் 23,496ஐச் சேர்த்துப் பார்த்த 2025ஆம் ஆண்டு ஆய்வு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அவ்வபாயம் உண்டென்றது.

முதல் அடியைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எடுத்து வைக்கலாம். பிரயோக விஞ்ஞான பீடத்திலே நன்னீர்ப் பூச்சியியலுக்கென இரு நிரந்தரப் பதவிகளைக் கோரி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையோடும் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடும் உடன்பாடு செய்துகொண்டு, இங்கினியாகலை அணைக்குக் கீழே ஓரிடம், அம்பாறை வயல்களின் வடிச்சலில் ஓரிடம், களியோடைப் பாலத்தடியில் ஓரிடம், கோணாவத்தையில் ஆற்றுவாழை மூடிய பகுதியில் ஒன்றும் திறந்த பகுதியில் ஒன்றுமாக இரண்டிடம், முகத்துவாரத்துக்கு உள்ளே ஓரிடம் என்று குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை தவறாமல் தட்டை விரிக்கட்டும். நமது கல்வியியற் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரிய மாணவர்கள் அம்மாத நாளில் உடன் சென்று கற்றால், ஆண்டுதோறும் அங்கிருந்து பல மாவட்டங்களுக்குச் செல்லும் இளம் ஆசிரியர்கள் அவ்வறிவையும் கொண்டு செல்வர். வேலையை மாரிப் போகத்து விதைப்புக்கு முன்னரே, மழை இறங்காத செப்டெம்பர் மாதத்திலே தொடங்க வேண்டும். விதைப்பும் தெளிப்பும் வெள்ளமும் வந்தபின் தொடங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க முந்திய கணக்கு இல்லாமல் இன்னோர் ஆண்டு வீணாகக் கழியும். ஆதலின் பதவிகளுக்கான கோரிக்கை வரவுள்ள வரவு செலவுத் திட்டத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குரிய கடிதத்தை எழுத வேண்டியவர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள்.